நோயுற்ற குழந்தையின் ஆசை: வீண்செலவா, பிறர்சிநேகமா?



நோயாளிகளைச் சந்திப்பது சரீரத்துக்கடுத்த இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்று என்று ஞான உபதேச வகுப்பில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். நம் ஊர்களில் இந்தக் கடமையை யாரும் மறப்பதில்லை. ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறோம். கட்டிலருகே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுகிறோம். புறப்படும்போது தலையணைக்கடியில் கையிலுள்ளதை வைத்துவிட்டு வருகிறோம். இவையெல்லாம் நல்லவை.

ஆனால் படுத்திருப்பது எட்டு வயதுப் பிள்ளையானால் என்ன செய்கிறோம்? பெற்றோரோடு பேசுகிறோம். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எத்தனை ஊசி என்று விசாரிக்கிறோம். பிள்ளையின் தலையைத் தடவி, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு எழுந்துவிடுகிறோம். "மக்களே, உனக்கு என்ன வேணும்?" என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பவர்கள் மிகச் சிலர்.

இக்காலத்தில் இப்படிக் கேட்பதையே தங்கள் ஊழியமாகக் கொண்ட தர்ம ஸ்தாபனங்கள் தோன்றியிருக்கின்றன. கடுமையான நோயுள்ள குழந்தையிடம் சென்று அதன் ஆசையைக் கேட்டு, கூடுமானவரை அதை நிறைவேற்றி வைக்கிறார்கள். குழந்தைகளோ பெரும்பாலும் என்ன கேட்கும்? ராட்டினமும் நீர்ச்சறுக்கும் நிறைந்த பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று கேட்கும். இதைப்பற்றிக் கேள்விப்பட்ட விசுவாசிகள் சிலர், "மருந்துக்கே காசில்லாத வீடுகள் இருக்க, இது வீண்செலவு அல்லவா? நோயில் கிடக்கிற பிள்ளைக்கு மோட்ச வழியைக் காட்டாமல் ராட்டினத்தைக் காட்டலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே இவ்வாரப் பாடத்தில் அதையே ஆராய்வோம்.

1. இந்த வழக்கம் எப்படி உண்டாயிற்று?

1980-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கிறிஸ் என்ற ஏழு வயதுச் சிறுவன் இரத்தப் புற்றுநோயால் வருந்தினான். பெரியவனானால் போலீஸ்காரனாக வேண்டும் என்பது அவன் ஆசை. பெரியவனாகும் காலம் அவனுக்கு இல்லை என்பது தெரிந்துவிட்டது. அந்த மாநிலப் போலீஸார் காத்திருக்கவில்லை. ஏப்ரல் 29-ஆம் தேதி அவனை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சுற்றிக்காட்டி, கௌரவப் போலீஸ் அதிகாரி என்று பதவிப் பிரமாணம் செய்வித்தார்கள். அவன் அளவுக்கு ஒரு சீருடையை இராவோடு இராவாகத் தைத்துக் கொடுத்தார்கள். மே 3-ஆம் தேதி அவன் இறந்தான். நடுவில் இருந்தவை நாலே நாட்கள்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து பிறந்ததுதான் மேக்-எ-விஷ் என்ற ஸ்தாபனம். "ஆசை ஒன்றைக் கேள்" என்பது அப்பெயரின் பொருள். அடுத்த ஆண்டு, 1981-இல், பாப்சி என்று செல்லமாக அழைக்கப்பட்ட இன்னொரு ஏழு வயதுச் சிறுவனின் ஆசைகளை அது நிறைவேற்றியது. தீயணைப்புப் படையில் சேரவேண்டும், ஆகாய பலூனில் பறக்கவேண்டும், டிஸ்னிலாண்டைப் பார்க்கவேண்டும் என்று மூன்று கேட்டான். மூன்றும் கிடைத்தன. டிஸ்னிலாண்டு என்பது 1955-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட பெரிய பூங்கா. கதைகளில் வரும் கோட்டைகளும் சித்திரப்பட விலங்குகளும் அங்கே நேரில் வந்து பிள்ளைகளோடு கைகுலுக்கும்.

நம் நாட்டுக்கு இந்த வழக்கம் வந்தது ஒரு பெற்றோரின் கண்ணீர் வழியாக. ஜோஷி என்ற தம்பதியரின் மகன் கௌரவ் கொடிய நோய்க்காக அமெரிக்காவில் சிகிச்சை பெற்று வந்தான். அங்கே அந்த ஸ்தாபனத்தார் அவனிடமும் ஆசையைக் கேட்டார்கள். டிஸ்னி பூங்காவுக்குப் போகவேண்டும் என்றான்; அழைத்துச் சென்றார்கள். பிறகு அந்தப் பிள்ளை இறந்துபோனான். தங்கள் பிள்ளையின் முகத்தில் அந்நாளில் கண்ட சந்தோஷத்தை மறக்கமுடியாத தகப்பனும் தாயும், 1996-ஆம் ஆண்டு மும்பையில் இந்தியாவுக்கான கிளையைத் தொடங்கினார்கள். 3 வயது முதல் 18 வயது வரையுள்ள நோயாளிப் பிள்ளைகளுக்கு அது இன்றும் ஊழியம் செய்து வருகிறது. சாதியோ மதமோ கேட்பதில்லை. மகனை இழந்தவர்கள், அவனுக்குக் கிடைத்ததை மற்றவர் பிள்ளைகளுக்கும் கிடைக்கச் செய்தார்கள். இதுவும் துக்கத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் ஒரு வழியென்றே எண்ணவேண்டும்.

2. தாமதத்தின் விலை

இன்னொரு வரலாறு இன்னும் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. ஹென்றி லேண்ட்வர்த் என்பவர் பெல்ஜியத்தில் 1927-இல் பிறந்த யூதர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது நாஜிகளின் சிறைமுகாம்களில் அகப்பட்டார். அவுஷ்விட்ஸ் முகாமிலும் இருந்தார். தாயும் தகப்பனும் கொல்லப்பட்டார்கள். அவர் பிழைத்து, அமெரிக்கா சேர்ந்து, புளோரிடாவில் ஹோட்டல் நடத்தி முன்னுக்கு வந்தார். குழந்தைப் பருவத்தைப் பறிகொடுத்த மனிதர் அவர். ஆகவே நோயாளிப் பிள்ளைகள் அங்குள்ள பூங்காக்களைப் பார்க்க வந்தால் தம் ஹோட்டலில் இலவசமாக இடம் கொடுப்பார்.

ஒருமுறை எமி என்ற ஆறு வயதுச் சிறுமிக்காக அப்படி இடம் ஒதுக்கி வைத்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளை. பூங்காவைப் பார்ப்பதுதான் அதன் ஒரே ஆசை. ஆனால் பிரயாணச் சீட்டு, நுழைவுச் சீட்டு, மற்ற ஏற்பாடுகள் என்று ஒவ்வொன்றாய் நாள் கடந்தது. ஏற்பாடு முடியுமுன் பிள்ளை முடிந்துவிட்டது. ஒதுக்கி வைத்த அறைக்கு யாரும் வரவில்லை.

இனி ஒரு குழந்தைக்கும் இப்படி நேரக்கூடாது என்று லேண்ட்வர்த் தீர்மானித்தார். 1986-இல் ஒரு தர்ம ஸ்தாபனத்தை நிறுவினார். 1989-இல் அது ஒரு தனிக் கிராமமாகவே உருவெடுத்தது. "குழந்தைகளுக்கு உலகத்தையே கொடு" என்பது அதன் பெயரின் பொருள். நோயாளிப் பிள்ளையும் அதன் குடும்பமும் அங்கே ஒரு வாரம் செலவில்லாமல் தங்கலாம். காலைப் பலகாரமாக ஐஸ்கிரீம் கேட்டாலும் கொடுப்பார்கள். எந்த மாதமானாலும் வாரத்தில் ஒரு நாள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள். ஏனெனில் டிசம்பர் வரை காத்திருக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் முடியாது. வந்து தங்கிய ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு பொன் நட்சத்திரம் அங்குள்ள மண்டபத்தின் கூரையில் ஒட்டப்படுகிறது. லேண்ட்வர்த் 2018-இல் காலமானார். கிராமம் நடந்துகொண்டிருக்கிறது.

அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆயினும் இவ்விஷயத்தில் நமக்கு ஆசிரியர். அந்தச் சிறுமியிடம் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் சம்மதித்தார்கள், ஆனாலும் நேரம் போய்விட்டது. பிறர்சிநேகம் கைகூடாமல் போவது கல்நெஞ்சால் மாத்திரமன்று, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற சொல்லாலும்தான்.

3. இது வீண்செலவா?

இதே ஆட்சேபம் சேசுநாதர் முன்னிலையிலேயே எழுந்தது. பெத்தானியா ஊரில் அவர் பந்தியமர்ந்திருக்கையில் ஒரு பெண் விலையேறப்பெற்ற பரிமளத் தைலத்தை அவர் சிரசில் ஊற்றினாள் (மாற்கு 14-ஆம் அதிகாரம்). அதன் மதிப்பு 300 தெனாரியத்துக்கு மேல். ஒரு கூலிக்காரனின் ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று அங்கிருந்தோர் முறுமுறுத்தார்கள். கணக்கைப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் சேசுநாதர் யார் பக்கம் நின்றார்? அந்தப் பெண்ணின் பக்கம். ஏழைகளுக்கு எந்நாளும் உதவலாம், நானோ எந்நாளும் உங்களோடிரேன் என்ற பொருளில் பதில் சொன்னார். மரணத்தை நோக்கிப் போகிறவருக்கு அன்பு காட்டுவதில் "இன்று" என்பதற்குத் தனி மதிப்பு உண்டு என்று அவரே கற்பித்தார்.

கானாவூரிலும் பாருங்கள். திராட்சை இரசம் இல்லாவிட்டால் யாரும் செத்துப்போவதில்லை. ஒரு ஏழை வீட்டுக் கலியாணத்தின் சந்தோஷம் கெட்டுவிடும், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்துக்காக தேவமாதா மன்றாடினார்கள். சேசுநாதர் தம் முதல் புதுமையைச் செய்தார். மனிதருக்கு அப்பமும் மருந்தும் மாத்திரம் போதும் என்று நம் ஆண்டவர் எண்ணவில்லை.

ஒழுங்கு ஒன்று உண்டு என்பது மெய். மருந்துக்கான பணத்தை எடுத்து ராட்டினத்துக்குச் செலவிடுவது விவேகமன்று. முதலில் சிகிச்சை, அதற்குப் பிறகு மற்றவை. ஆனால் சிகிச்சைக்குக் கடன் வாங்கி நொந்திருக்கும் தகப்பன், பிள்ளையின் ஆசைக்காக இன்னும் 5,000 ரூபாய் செலவிட எங்கே போவான்? அந்த 5,000 ரூபாய்தான் நம்முடைய கடமை. பெற்றோர் மருந்தைப் பார்க்கட்டும்; பங்கு சந்தோஷத்தைப் பார்க்கட்டும்.

4. திருச்சபையின் சொந்த உதாரணம்

நோயாளிக் குழந்தையின் ஆசைக்குச் செவிகொடுத்த ஒரு மேற்றிராணியாரை நினைவுகூர்வோம். அயர்லாந்து தேசத்தில் எல்லன் ஓர்கன் என்ற சிறுமி 1903-இல் பிறந்தாள். நெல்லி என்று எல்லோரும் அழைப்பார்கள். தாய் காசநோயால் இறந்தாள். தகப்பன் போர்ச்சேவகன். நெல்லியும் அதே நோயோடு கார்க் நகரத்துக் கன்னியர் மடத்தில் வளர்ந்தாள். முதுகெலும்பு வளைந்து, தாடையெலும்பும் அரித்துப்போய், உட்காரவும் வருந்திய அந்தப் பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டது: தேவநற்கருணை. வயது நான்கு! அந்தக் காலத்தில் பல இடங்களில் 10, 12 வயதாகாமல் புதுநன்மை கொடுப்பதில்லை. குழந்தை அறியாமல் கேட்கிறது என்று தள்ளியிருக்கலாம். குருவானவர் ஒருவர் அவளிடம் பேசிப் பார்த்து, சாதாரண அப்பத்துக்கும் ஆண்டவருக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரிகிறது என்று கண்டார். மேற்றிராணியார் உத்தரவு கொடுத்தார். 1907 டிசம்பர் 6, முதல் வெள்ளிக்கிழமை, நெல்லி புதுநன்மை வாங்கினாள். 1908 பெப்ருவரி 2-ஆம் தேதி இறந்தாள். மேற்றிராணியார் ஓராண்டு யோசித்திருந்தால் அவளுக்கு அந்த பாக்கியம் கிடைத்திராது. 1910-இல் அர்ச். பத்தாம் பத்திநாதர், புத்தி விவரம் வந்த சிறுவர்களுக்குத் தாமதமின்றி நன்மை கொடுக்கவேண்டும் என்று உலக முழுவதற்கும் கட்டளையிட்டார்.

ஒரு பிள்ளை தேவநற்கருணையைக் கேட்டது. இன்னொரு பிள்ளை ராட்டினத்தைக் கேட்கிறது. இரண்டும் சமம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளையிடம் கேட்டு, அதன் சொல்லை மதித்து, காலத்தில் செய்யும் குணம் ஒன்றேதான். அந்தக் குணமில்லாதவன் இரண்டையும் தாமதப்படுத்துவான். ஆகவே மோட்ச வழியா, ராட்டினமா என்ற கேள்விக்கு விடை இது: தேவதிரவிய அனுமானங்களும் கொடுப்போம், சந்தோஷமும் கொடுப்போம். மாமாவும் சித்தியும் தன்னைத் தூக்கிக்கொண்டு கடலைக் காட்டினார்கள் என்று கண்ட பிள்ளைக்கு, சர்வேசுரன் தன்னை நேசிக்கிறார் என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

5. "கடைசி ஆசை" என்ற பயம்

நம் ஊர்களில் ஒரு தப்பெண்ணம் உண்டு. நோயாளியிடம் ஆசையைக் கேட்டால் அது சாவுக்கு அடையாளம் என்று நடுங்குகிறார்கள். முற்காலத்தில் அவஸ்தைப்பூசுதலுக்குக் குருவை அழைக்கப் பயந்தது போலத்தான் இதுவும். அந்தத் தேவதிரவிய அனுமானம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மாத்திரம் உரியதன்று என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாய்ச் சொல்லிற்று. நோயாளிக்குப் பலம் கொடுக்கவே பூசுகிறோம். அதுபோல, பிள்ளையின் ஆசையை நிறைவேற்றுவதும் வழியனுப்புதல் அன்று.

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் இரத்தப் புற்றுநோய். முன்னேறிய நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை. காலந்தாழ்த்தி நோயைக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் இதற்கு முக்கிய காரணங்கள். 2030-க்குள் உலகெங்கும் குறைந்தது 60 பேராவது பிழைக்கவேண்டும் என்று 2018-இல் அந்த ஸ்தாபனம் குறி வைத்தது.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் திருவனந்தபுரத்தில் 1981-இல் ஏற்பட்ட வட்டாரப் புற்றுநோய் மையத்துக்குப் போய் வருகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டு நீளும். அந்தப் பிள்ளைக்கு இரயில் என்றால் ஊசி, பஸ் என்றால் வாந்தி. சிகிச்சையின் நடுவே எதிர்பார்த்திருக்க ஒரு நல்ல நாள் இருந்தால், பிள்ளையும் தாங்கும். அழைத்துச் செல்லும் தாயும் தளராமல் நடப்பாள். பிழைக்கப்போகிற பிள்ளைக்கும் சந்தோஷம் தேவை.

6. நம் பங்கில் செய்ய வேண்டிய முறை

முதலாவது, பிள்ளையிடமே கேளுங்கள். பெரியவர்கள் வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கலாம், அதுவும் நடக்கட்டும். ஆனால் அது பெற்றோரின் ஆசை. பிள்ளையின் ஆசை வேறாயிருக்கலாம். கன்னியாகுமரியிலுள்ள பே வாட்ச் பூங்காவோ, கொச்சி வொண்டர்லாவோ என்று கேட்கும் பிள்ளையும் உண்டு. பேச்சிப்பாறைப் பக்கத்துப் பிள்ளை கடலைப் பார்க்கவேண்டும் என்னும். கடற்கரைப் பிள்ளை திருவனந்தபுரம் மிருகக்காட்சிச் சாலையில் சிங்கத்தைப் பார்க்கவேண்டும் என்னும். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் பாட்டாவின் கையைப் பிடித்து நடக்கவேண்டும் என்றும், கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தேரைப் பார்க்கவேண்டும் என்றும் கேட்கும். பல ஆசைகளுக்கு ஆயிரம் ரூபாயும் ஒரு காரும் போதும்.

இரண்டாவது, டாக்டரின் உத்தரவின்றிப் புறப்படாதீர்கள். புற்றுநோய் மருந்து ஏற்றியபின் சில நாட்கள் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துவிடும்; அப்பொழுது கூட்டத்தில் சென்றால் தொற்றுநோய் எளிதில் பற்றும். இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் சிறு மோதலும் ஆபத்து. மருந்து ஏற்றுவதற்காகக் குழாய் பொருத்தியிருக்கும் பிள்ளை தண்ணீரில் இறங்கலாமா என்றும் கேட்டறியவேண்டும். எந்த நாள் தகும் என்று டாக்டர் சொல்லட்டும். வழியில் காய்ச்சல் கண்டால் உடனே எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உறுதியில்லாததை வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் தாமதிக்காதீர்கள். நோயாளிப் பிள்ளை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

நான்காவது, அண்ணன் தங்கையையும் அழைத்துப் போங்கள். ஒரு பிள்ளை நோயில் விழுந்தால் மற்றப் பிள்ளைகள் ஆச்சி வீட்டிலும் அயல் வீட்டிலும் கவனிப்பாரின்றிக் கிடக்கிறார்கள். அவர்களும் வருந்துகிறவர்களே.

ஐந்தாவது, வலது கை செய்வதை இடது கை அறியவேண்டாம். பிள்ளையின் படத்தை எடுத்து எல்லோருக்கும் அனுப்பி நம் தர்மத்தை விளம்பரம் செய்தால் அது அந்தக் குடும்பத்துக்குத் தலைகுனிவு. நமக்குப் புண்ணிய நஷ்டம்.

ஆறாவது, அயலார் வாயைக் காத்துக்கொள்ளட்டும். "பிள்ளைக்கு இப்படி இருக்கையில் ஊர் சுற்றுகிறார்கள்" என்று சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு தாய் ஒரு நாள் சிரித்த சிரிப்பையும் பாவமாக்கிவிடும். அப்படிச் சொல்வதுதான் பிறர்சிநேகத்துக்கு விரோதமான குற்றம்.

7. எல்லாம் முடியாதபோது

சில ஆசைகள் நிறைவேறா. "எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும்", "பள்ளிக்கூடம் போகவேண்டும்", "வலிக்கக்கூடாது" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. அங்கே நம் பணமும் காரும் உதவா. வலியைத் தணிக்கும் சிகிச்சையைக் கேட்டுப் பெறுவதும், பக்கத்தில் இருப்பதுமே அப்போது நாம் செய்யக்கூடியவை. குணமாக்கமுடியாத நோயிலும் வலியைத் தணிப்பது சிறந்த அன்புச் செயல் என்று திருச்சபையின் ஞானோபதேசமே கற்பிக்கிறது. யாயீரின் 12 வயது மகளை எழுப்பினபின் சேசுநாதர் செய்ததை நினையுங்கள்: பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். அத்தனை பெரிய புதுமை நடந்த வீட்டில் பிள்ளையின் பசி அவருக்கு மறக்கவில்லை.

குடும்ப ஜெபவேளையில் கேட்டுச் சிந்திக்க:

கேள்வி: நோயாளிப் பிள்ளையைச் சந்திக்கப் போகிறவன் முதலில் யாரிடம் பேசவேண்டும்?
விடை: பிள்ளையிடம்.

கேள்வி: பிள்ளையின் ஆசையை நிறைவேற்றச் செலவிடுவது எப்போது வீணாகும்?
விடை: சிகிச்சைக்குரிய பணத்தை எடுத்தால் வீணாகும், பிறர் மெச்சவேண்டும் என்று செய்தாலும் வீணாகும்.

கேள்வி: அது எப்போது பலிக்காமல் போகும்?
விடை: தாமதித்தால்.

இவ்வாரத் தீர்மானம்: ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் நெடுநாள் நோயுற்றிருக்கும் பிள்ளைகள் யார் என்று அறிந்து, பெற்றோரின் சம்மதத்தோடு இரண்டு பேர் மாத்திரம் சென்று பிள்ளையின் ஆசையைக் கேட்டு வரவேண்டும். ஆசை சிறிதானால் அந்த வாரமே அன்பியத்தார் செய்து முடிக்கட்டும். பெரிதானால் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்லட்டும். சபையார் பங்கு அலுவலகத்தில் தெரிவிக்க, தர்ம ஸ்தாபனங்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நாம் அன்றைக்கே எழுதுவோம்.

சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி சொல்லி, அவர்களை அணைத்து ஆசீர்வதித்த சேசுநாதர், நம் பங்கிலுள்ள நோயாளிப் பிள்ளைகளுக்கு உடல் சுகத்தையும் மனச் சந்தோஷத்தையும் தந்தருள்வாராக. அவர்களைத் தூக்கிச் செல்லும் கைகளுக்குத் தாமதியாத சுறுசுறுப்பையும் தந்தருள்வாராக. ஆமென்.

பங்குக் குரு